எண்ணிக்கை இருக்கட்டும், கேள்வி யாருடையது?

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் விடியற்காலையில் திருவண்ணாமலை எப்படி இருக்கும் என்று ஊர் திரும்பிய பக்தர்களுக்குத் தெரியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க எச்சில் இலை, தண்ணீர் பாட்டில், மலம். அதை அள்ளுகிறவர்களில் எங்கள் தெரு அக்காவும் ஒருவர். ஒரு தீபத்துக்குப் பிறகு அவருக்கு இருமல் நிற்கவேயில்லை. ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முதுநிலை படிக்கும் இளம் மருத்துவர் அன்பாகவே பேசினார். தன் ஆய்வேட்டுக்காக வயது, படிப்பு, வருமானம் எல்லாம் கேட்டு ஒரு படிவத்தை நிரப்பினார். தொழில் என்ன என்றதற்கு "குப்பை அள்றேன்" என்றார் அக்கா. மருத்துவர் 'கூலி' என்று எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு சொல்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். அதற்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் ஒரு நெருக்கடி உண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள், இணைப் பேராசிரியராக 2 ஆய்வுக்கட்டுரைகளும் பேராசிரியராக 4-ம் கேட்டன. மாணவரின் ஆய்வேடு பல நேரங்களில் ஆசிரியரின் பதவி உயர்வுக் கட்டுரையாகவும் ஆகிவிடுகிறது. எத்தனை கட்டுரை என்று விதி எண்ணுகிறது. யாருடைய நோய் பற்றிய கட்டுரை என்று கேட்பதில்லை.

"கோட்டாவில் வந்தவர்களுக்கு ஆராய்ச்சி எங்கே வரும்?" என்று ஏளனம் செய்வோர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2005 முதல் 2014 வரை 579 இந்திய மருத்துவ நிறுவனங்களின் ஆய்வு வெளியீடுகளை சமிரன் நந்தியும் அவரது குழுவினரும் எண்ணிப் பார்த்தார்கள். 332 நிறுவனங்கள் பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. தனியார் கல்லூரிகள் மலிந்த மாநிலங்களின் நிலை மிக மோசம். கோடிகளைக் கொட்டி வாங்கும் சீட்டுகளில் வராத 'தகுதி'யைப் பற்றி இவர்கள் வாய் திறப்பதில்லை.

சரி, வெளிவரும் கட்டுரைகளில் நாம் எங்கே இருக்கிறோம்? நோயாளியின் சமூக நிலையை அளக்க நம் மருத்துவ ஆய்வேடுகள் அதிகம் நம்புவது குப்புசாமி அளவுகோலை. குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் ஆகிய மூன்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. சாதி இல்லை. மலம் அள்ளுகிறவரும் செங்கல் சுமக்கிறவரும் அங்கே ஒரே 'திறனற்ற தொழிலாளி'தான். அக்காவை அந்த வேலைக்குத் தள்ளியது எதுவோ, அது படிவத்திலிருந்து காணாமல் போகிறது. தேசியக் குடும்பநல ஆய்வு பட்டியல் சாதியா, பழங்குடியா என்று வீடு வீடாகக் கேட்கும்போது மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் என்ன கூச்சம்?

நம் மண்ணிலேயே வேறு முன்னுதாரணம் இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சானடோரியப் படுக்கையும் சத்துணவும் ஓய்வும் இல்லாமல், நெரிசலான வீட்டிலேயே ஏழைக்குக் காசநோய் குணமாகுமா என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. 1959-ல் வெளியான அந்தக் கட்டுரை உலகின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. ஏழையின் வீட்டிலிருந்து கேள்வி எழுந்ததால் வந்த மாற்றம் அது.

ஆகவே, மருத்துவம் படிக்கும் தோழர்களே, ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது தூய்மைப் பணியாளரின் நுரையீரலைப் பாருங்கள். ஜவ்வாது மலைப் பெண்ணின் பிரசவத்தைப் பாருங்கள். சம்மதம் பெற்று, ரகசியம் காத்து, சாதியையும் செய்யும் வேலையையும் உள்ளபடியே எழுதுங்கள். கண்டதை அவர்களிடமே போய்த் தமிழில் சொல்லுங்கள். அரசுக்கும் ஒரு கடமை உண்டு. நூறு நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் கட்டுரை எழுதும் அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு ஆய்வு நேரம், புள்ளியியல் உதவி, வெளியீட்டுக் கட்டணம் மூன்றையும் அது தர வேண்டும். இல்லையேல் காசுள்ளவர் பெயரே அச்சேறும்.

அடுத்த தீபத்துக்கும் அக்கா துடைப்பத்தோடு போவார். அவரது இருமலால் யாருக்கோ பதவி உயர்வு கிடைக்கலாம். கிடைக்கட்டும். அவருக்கு ஒரு முகக்கவசமாவது கிடைக்க வேண்டாமா?