பல் செய்தவர் யார்?

"கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனிப் பல் லேப் ஆட்களுக்குப் பிழைப்பில்லை" என்னும் தீர்ப்பைத் திண்டுக்கல்லில் படித்தவர் பலரும் மிக எளிதாக வழங்கிவிடுகின்றனர். தீர்ப்பு வழங்குவோரில் சிலரது வாயில் அந்த ஆட்கள் செய்த பல்லே இருக்கிறது என்பது வேறு செய்தி. இத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே அத்தொழிலாளியைப் பெயரற்றவராக ஆக்கிவைத்தோம். பெயரற்றவர்மீது எது வந்து விழுந்தாலும் கேட்பாரில்லை.

பல் மருத்துவர் அளவெடுக்கிறார். கேப்பையும் பல்செட்டையும் செய்கிறவர் வேறொருவர். இதை அறியாதார் இன்னும் மிகுதி. வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் எடுத்த அளவுகள் சிறு பெட்டிகளில் பேருந்தேறித் திண்டுக்கல் வருவதுண்டு. அவ்வளவில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுத்து, மெழுகில் பல்லை வடித்து, அம்மெழுகைச் சூளையில் உருக்கிப் போக்கி, அது இருந்த வெற்றிடத்தில் நிக்கல்-குரோமியக் கலவையை வார்த்து, அதன்மேல் பீங்கான் பொடியைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றிச் சுடுகிறார்கள். சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பதும் அடிப்படையில் இம்மெழுகு முறைதான். அங்கே வார்த்தவர் ஸ்தபதி. இங்கே வார்த்தவர் ஐம்பது வயதானாலும் 'லேப் பையன்'.

இம்மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது இந்தியத் தரநிலை. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அத்தரநிலை. அதனினும் மிகுந்த நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தவர் பல்லில் பழுப்புக் கறை படிந்துவிடுகிறது. ஒரு பல்லுக்குக் கேப் போடும்போது கண்ணைப் பறிக்கும் வெண்மை உதவாது. அண்டைப் பல்லின் மங்கலோடும் கறையோடும் அது இசைய வேண்டும். அந்த மங்கலைக் கண்ணால் அளந்து கலப்பவர், பெரும்பாலும் நோயாளியின் முகத்தையே பார்த்திராதவர்.

தமிழ் படித்தவர்க்கு இதில் இன்னொரு கடப்பாடும் உண்டு. தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா பொருந்துதலால் பிறக்கும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைதலால் பிறக்கும் என்று தொல்காப்பியப் பிறப்பியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். பற்கள் முற்றும் உதிர்ந்த முதியவருக்கு அந்தப் பல்லும் அடியும் எங்கே? மெழுகில் முன்பற்களை நிறுத்துகிறவர் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினால் வகரம் குழறும். பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. போன சொல்லை மீட்டுத் தருபவரை எந்தத் தமிழ் மேடையும் இதுவரை அறிந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவரை 'டென்டல் மெக்கானிக்' என்று பெயரிட்டு ஒரு பதிவேட்டையும் வகுத்தது. பயிற்சிச் சான்று பெற்றவர் அதில் ஏறலாம். ஆனால், பட்டறை மேசைகளில் பலர் அண்ணனிடமோ மாமனிடமோ எடுபிடியாகச் சேர்ந்து கைப்பழக்கத்தால் கற்றவர்கள். அச்சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கைப்பழக்கம் உள்ளவரைச் சோதித்துப் பதிவேட்டில் ஏற்றுவது குறித்து மட்டும் யாரும் வாய் திறக்கக் காணோம்.

உடல்நலம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அச்சுப் பொருளை உடைக்கையிலும் மணல் பீய்ச்சித் தேய்க்கையிலும் பறப்பது சிலிக்காத் தூசி. அமெரிக்காவில் ஐந்து மாநிலங்களில் 1994 முதல் 2000 வரை பல் ஆய்வகத் தொழிலாளரிடம் கண்ட சிலிக்கோசிஸ் நோயை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2004இல் பதிவு செய்தது. இங்கோ, மின்விசையால் இயங்கும் பட்டறையில் பத்துப்பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எட்டிப்பார்த்தது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அவ்வரம்பை இருபதாக உயர்த்தியது. நால்வர் குனிந்திருக்கும் மாடியறைக்குள் எதுவும் நுழையாது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கணினி கடைந்த பல்லடைப்பு ஒன்றை 1985இல் சூரிச் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். அது நம்மூரை வந்தடைய நெடுநாள் ஆயிற்று. இப்போது வாய்க்குள் கருவியைக் காட்டிப் படமெடுத்து, அப்படத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பினால், ஜிர்கோனியாக் கட்டியிலிருந்து பல் கடைந்து கூரியரில் வந்துவிடுகிறது. கேரளத்தின் மூவாற்றுப்புழையில் 1988இல் தொடங்கிய லேப் இன்று ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் பெருநிறுவனம். இதனால் தீமை மட்டுமே என்று நாம் கூறோம். உலோகம் உருக்கும் வேலை குறைந்தால் நுரையீரல் சற்றுப் பிழைக்கும். கணினித் திரையில் பல்லை வடிவமைக்கும் வேலையும் பிறந்திருக்கிறது. இளையோர் அதைக் கற்றுக் கொச்சிக்கும் சென்னைக்கும் போகலாம். நாற்பதைக் கடந்தவருக்கு எஞ்சுவது உடைந்த பல்செட்டை ஒட்டித் தருதல்.

பூட்டுக்குப் பேர்பெற்ற இவ்வூர் இக்கதையை முன்பே கண்டது. அலிகாரின் இயந்திரப் பூட்டு மலிவாக வந்து குவிந்தபின், கைப்பூட்டுச் செய்வோர் அருகிய காலத்தில், 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காலங்கடந்த மரியாதைதான், ஆயினும் பூட்டுக்கு ஓர் ஊர்ப்பெயரேனும் இருந்தது, காக்க ஒன்று இருந்தது. பல்லுக்கு எதுவுமில்லை. நோயாளி கொடுக்கும் தொகையில் லேபின் பங்கு எவ்வளவு என்பதும், எந்த லேப், எந்த உலோகம் என்பதும் ரசீதில் இரா. லேபை மாற்றினாலும் நோயாளிக்குத் தெரியாது. எனவே மருத்துவர் சொன்னதே கூலி. அதையும் அடுத்த மாதம் பார்க்கலாம்.

நாம் கேட்பது பெரிதன்று. செய்த லேபின் பெயரும் பொருளின் விவரமும் நோயாளி கையில் ஒரு சீட்டாக வரட்டும். லேப் கூலி ரசீதில் தனி வரியாக நிற்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே முதல் நடைமுறையிலுள்ள மருத்துவக் கருவி விதிகளின்படி, ஒருவருக்கெனத் தனியே செய்த பல்லுக்குச் செய்தவரின் பெயர் முகவரியோடு கூடிய அறிக்கை நோயாளிக்குக் கிடைக்க வேண்டும். ஜெர்மனியில் லேப் செலவைத் தனியே காட்டுகிறார்கள்.

இதைச் சொன்னால் மருத்துவர் தரப்பிலிருந்து உடனே ஒரு மறுப்பு வரும்: "பெயர் தெரிந்தால் நோயாளி நேரே லேபுக்குப் போய்விடுவார், போலி மருத்துவம் பெருகும்." போலி மருத்துவம் இப்போது இல்லையா? லேபில் வயிறு நிரம்பாதவர் தாமே வாயில் அளவெடுக்கத் துணிகிறார். அது குற்றம் என்று அவருக்கும் தெரியும். நாம் அதனை நியாயப்படுத்தவில்லை. ஆனால், அவரை அங்கே தள்ளியது பெயர்ச்சீட்டு இல்லை. பல மாதப் பாக்கி.