நிற்கிறவர்களும் இளைப்பாறட்டும்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் குடும்பங்களில் பல, மதுரையின் மால்களுக்குச் செல்கின்றன. பிள்ளைகளுக்கு டோனட் பார்சல் வாங்குவதில் குற்றமில்லை. எனக்கும் சாக்லேட் பூசியது பிடிக்கும். ஆனால் வரிசை சற்று நீண்டால், பெட்டியில் அடுக்கித் தரும் பெண்ணிடம் முகம் சுளிக்கிறோம். நாம் நிற்பது பத்து நிமிடம். அவளோ காலைமுதல் நிற்கிறாள்.

கடை ஊழியருக்கு இருக்கை அளிக்கவேண்டும் என்று தமிழ்நாடு 2021-ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தியது. முக்காலி இருந்தும், வாடிக்கையாளர் முன் உட்காருவதை மரியாதைக் குறைவாகக் கருதும் நம் பார்வையே பலரை எழுப்பிவிடுகிறது. உபாகமம் ஐந்தாம் அதிகாரமோ ஓய்வுநாளின் இளைப்பாறுதலை வேலைக்காரிக்கும் உரியதாக்குகிறது. ஆராதித்துவிட்டு வருகிற நாம், "உட்கார்ந்தே பில் போடும்மா, அவசரமில்லை" என்று சொல்லலாமே!