புகை நீங்கும் வழி

ஒரு மனையின் நிலையை அறிய விரும்புவோர் முற்றத்தைக் கண்டால் போதாது. அடுக்களையையும் காணுதல் வேண்டும். அங்கே எரிவது யாது என்பதே அம்மனையின் வாழ்வை உள்ளவாறு உரைக்கும்.

நாஞ்சில் நாடு நெல்லுக்கும் தென்னைக்கும் பெயர் பெற்றது. அங்கே உழவர் மனைகளில் விறகை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. உலர்ந்த ஓலையும் மட்டையும் கொதும்பும் சிரட்டையும் தோப்பிலேயே கிடைத்தன. ஆயினும் அவ்விறகு விலையற்றது அன்று. பொறுக்கிய கைகளும், ஊதிய மூச்சும், கலங்கிய கண்களும் அதற்கு விலையாயின. அவை பெண்மக்களுடையவை ஆதலின், அவ்விலையை ஒருவரும் கணக்கில் எழுதிலர். சமையற் புகையால் மாசுற்ற வீட்டுக்காற்று 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இப்புகையை நீக்க அரசுகள் முயலாமல் இல்லை. 2007இல் தமிழக அரசு ஏழை மனைகளுக்கு எரிவாயு அடுப்பை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2016இல் நடுவண் அரசும் இணைப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. இவை நற்செயல்களே. ஆயின், அடுப்பை ஒருமுறை கொடுத்தால் போதும். உருளையையோ தீருந்தோறும் வாங்குதல் வேண்டும். அதற்குரிய காசு எங்கிருந்து வரும்?

உழவன் கையில் பணம் புரள்வது கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு அறுவடைக் காலங்களிலேயே. உருளையோ அறுவடை வரும்வரை காத்திராது. வாரந்தோறும் திங்கள்தோறும் வரும் கூலியே அதற்குப் பொருந்தும். இம்மாவட்டத்து முந்திரி ஆலைகளில் உழைப்போருள் பெரும்பாலார் பெண்கள். ஆடவர் பலர் கேரளத்திற்குக் கட்டட வேலைக்கும், வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். இவ்வாறு உழவுக்குப் புறம்பான தொழில்கள் மனைக்கு இடையறாத வருவாயைத் தருகின்றன.

காசினும் சிறந்தது மற்றொன்று உண்டு, அது காலம். காலையில் ஆலைக்குச் செல்லும் பெண் ஓலை பொறுக்கவும் ஈர விறகை ஊதவும் நேரம் காணாள். அவளுடைய ஒரு நாழிகைக்குக் கூலி உண்டு என்று அறிந்த பின்னரே, அந்நாழிகையை அடுப்படியில் இழப்பது நட்டம் என்று வீட்டார் உணர்கின்றனர். அயல்நாட்டுப் பணம் வந்தும், பெண்ணின் நேரத்தை மதியாத மனையில் எரிவாயு அடுப்பு விருந்தினர்க்கு மட்டும் எரிதலும் உண்டு.

“விறகடுப்புச் சோற்றின் சுவை வேறு எதற்கு வரும்?” என்பார் சிலர். அச்சுவைக்குத் தாயின் கண்ணொளியை விலையாகக் கொடுத்தல் தகுமோ? “ஓலை வீணாகுமே” என்பார்க்கும் விடை உண்டு. ஈர்க்குத் துடைப்பமாகும், ஓலை மண்ணுக்கு உரமாகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று முப்பந்தலில் ஆலைகளைச் சுழற்றி மின்சாரமாகின்றது. காற்றையே ஆற்றலாக்கிய நாட்டில் அடுக்களைகள் புகையால் கறுத்திருத்தல் நாணத்தக்கது அன்றோ? ஆதலின், இலவச அடுப்போடு அமையாது, நிலையான தொழிலையும் சிற்றூர்தோறும் அமைத்தல் வேண்டும். அதன் கூலி பெண்ணின் கையிலே சேர்தல் வேண்டும். கூலி நின்றால் உருளை நிற்கும். உருளை நின்றால் புகை மீளும்.

மாணவர்களே! நும் இல்லத்தில் நாள்தோறும் தீ மூட்டுபவர் யார், அதற்கு அவர் செலவிடும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அக்கணக்கை எழுதத் தொடங்கும் மனையிலேயே புகை நீங்கத் தொடங்கும்.