துரைமார் பங்களாவில் தேநீர்: சுவரில் தொங்கும் வரலாறும் தொங்காத வரலாறும்

உணவகத்துக்குச் செல்பவன் வயிற்றை மட்டும் கொண்டு செல்வதில்லை. கண்ணையும் காதையும் நினைவையும் கூடவே கொண்டு செல்கிறான். உண்ட உணவின் சுவை மறந்த பின்னரும், அமர்ந்திருந்த மேசையும் சாளரத்துக்கு அப்பால் தெரிந்த காட்சியும் மனத்தில் தங்கிவிடுவதுண்டு. ஆகவே அலங்காரமும் சூழலும் வீண் ஆடம்பரம் என்று வாதிட நான் வரவில்லை. ஓர் உணவகத்தின் அலங்காரம் அந்த மண்ணின் வரலாற்றைக் கூறும் ஒரு சாட்சியம் என்பதே என் கட்சி. ஊவா மலைகளில் அந்தச் சாட்சியம் பாதி உண்மையை மட்டுமே கூறுகிறது. மறுபாதியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஊவாவின் கவர்ச்சியை எவரும் மறுக்க இயலாது. எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை வட்டாரங்களில் பழைய தோட்டப் பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறியிருக்கின்றன. மெருகேற்றிய பலகைத் தரை, கணப்பு அடுப்பு, பூத்துணி போர்த்திய சாய்வு நாற்காலி, வெள்ளிக் கெண்டியில் தேநீர், வெள்ளைச் சீருடையில் பணியாளர், படியிறங்கினால் கத்தரித்த புல்வெளி, அதற்கப்பால் மலைச்சரிவெங்கும் பச்சை. 1893இல் துரைமாரின் மன்றமாகத் தொடங்கிய பண்டாரவளை ஹோட்டல் தன் பழஞ்சாயலுக்காகவே பேர்பெற்றது. கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் ஊவாத் தேயிலைக்கு வந்து சேரும் தனி மணத்தை, அந்த மலையிலேயே அமர்ந்து அருந்துவது ஒரு பேறுதான்.

ஆனால் அத்தகைய அறைகளின் சுவர்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். குதிரை மீது அமர்ந்த துரை, டென்னிஸ் மட்டையுடன் துரைசானி, வேட்டையாடிய விலங்கின் தலை, கொழும்புத் துறைமுகத்தின் பழைய சித்திரம் ஆகியவற்றுக்கிடையே, தவறாமல் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமும் இருக்கும். துரைக்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, ஆண்டுகளும் உண்டு. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் அங்கே ஓர் ஆளாகத் தொங்கவில்லை. திரைச்சீலையைப்போல் நிறத்துக்காகத் தொங்குகிறாள்.

ஹப்புத்தளைக்கு மேலே, தம்பேதென்னைத் தோட்டத்தின் உச்சியில் லிப்டன் இருக்கை என்று ஓர் இடம் இருக்கிறது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை விலைக்கு வாங்கிய கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டன், அங்கே அமர்ந்து தம் உடைமைகளைப் பார்வையிட்டார் என்பர். இன்றும் அவர் சிலையாய் அமர்ந்திருக்கிறார். உல்லாசப் பயணிகள் அருகே அமர்ந்து படம் பிடித்துக்கொள்கின்றனர். அந்த மலையைக் காடழித்துப் படிக்கட்டுகளாகச் செதுக்கியவர்கள் நின்ற இடத்துக்கு எந்தப் பெயரும் இல்லை. அமர்ந்தவனுக்குச் சிலை வைத்த மலை, நின்றவளுக்கு ஒரு பலகை கூட வைக்கவில்லை.

இவையெல்லாம் அழகுணர்ச்சி சார்ந்த விடயங்கள், இவற்றில் அரசியலை நுழைப்பானேன் என்று கேட்போர் உளர். அரசியல் அங்கே முன்னரே நுழைந்துவிட்டது. எந்தப் படத்தை மாட்டுவது, எதை விடுவது என்ற தெரிவே அரசியல்தான். பதுளையை அண்டிய வெவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் ஓர் அத்தியாயம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இதே தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்தது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003இன் சட்டம் வந்த பின்னரே விடிவு பிறந்தது. இத்தனைக்கும் சாட்சியான பங்களாக்களின் சுவரில், துரையின் டென்னிஸ் மட்டைக்குக் கிடைத்த இடத்தில் நான்கில் ஒரு பங்கும் இந்த வரலாற்றுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலையக நகரங்களில் தமிழருக்கும் பழமையான உணவகங்கள் இருந்தன. தேய்ந்த மர வாங்கு, மாலையிட்ட சாமி படங்கள், கண்ணாடிப் பெட்டியில் வடை, கல்லாவில் சந்தனப் பொட்டுடன் முதலாளி, சமையற்கட்டிலிருந்து எழும் தாளிப்பு மணம் என்று சைவக் கடைகளுக்கும் ஒரு சூழல் இருந்தது. அதற்கும் ஒரு வசீகரம் இருந்தது. அவற்றின் பழந்தளபாடங்கள் எங்கே என்று கேட்பவர்கள் 1983 ஜூலையை நினைவுகூர வேண்டும். அம்மாதம் 27ஆம் திகதி பதுளையில் மூண்ட வன்செயல் ஹாலிஎல, வெலிமடை, பண்டாரவளை என்று பரவியது. தமிழரின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. பங்களாவின் நாற்காலி நூறாண்டு கடந்தும் நிற்கிறது. அதற்கு எவரும் தீ வைக்கவில்லை. எரிக்கப்பட்ட கடையைத் திரும்பக் கட்டியவர் பிளாஸ்டிக் நாற்காலிதான் வாங்கினார். பிறகு வருகிறார் ஒரு விமர்சகர்: "பங்களாவில் பாரம்பரியம் இருக்கிறது, நகரத்துக் கடைகளில் சூழலே இல்லை" என்று தீர்ப்பளிக்கிறார். பாரம்பரியம் என்பது எரிக்கப்படாதவரின் சொத்தாகிவிட்டது.

அப்படியானால் லயத்தையும் அலங்கரித்து உணவகமாக்கிவிடலாமே என்று சிலர் யோசனை கூறக்கூடும். அதைவிடக் கொடுமை வேறில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த, இன்றும் வாழ்கின்ற நிலையில், அந்த நெருக்கடியை மெழுகுவர்த்தி ஏற்றி விருந்தினருக்கு விற்பது வியாபாரம் ஆகலாம், மனிதத்தன்மை ஆகாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை மறந்துவிட முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளில் சிக்கியது. விருந்தினருக்கு இயற்கைக் காட்சியாகத் தெரியும் அந்தச் சரிவுதான், அதன் கீழே உறங்குபவருக்கு மழைக்கால அச்சம்.

துன்பத்தை அலங்காரமாக்காமலும் உண்மையைச் சொல்ல வழியுண்டு. கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயத்தில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அதற்கு ஒரு சான்று. அம்மக்களின் பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே அவர்களின் கதையைச் சொல்கின்றன. ஹோட்டல் துறையிலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. கந்தப்பளையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக மாற்றியபோது, பழைய இயந்திரங்களை அகற்றாமல் பேணினார்கள்; அதுவே அதன் தனிச்சிறப்பாயிற்று. இரும்புக்குக் கிடைத்த அந்த மரியாதை, ஊவாவின் பங்களாக்களில் மனிதருக்கும் கிடைக்கட்டும் என்பதே என் கோரிக்கை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சுவரில் தொங்கும் அந்தப் பெண் யார் என்று அந்தத் தோட்டத்து முதியவர்களிடம் விசாரித்து, பெயரைப் படத்தின் கீழே எழுதுங்கள். 1948ஐயும் 1964ஐயும் ஒரு சிறு சட்டகத்துக்குள் மாட்டுங்கள். உணவுப்பட்டியலில் தமிழுக்கும் ஓர் இடம் கொடுங்கள். பணியாளரின் தாயார் ஒருநாள் விருந்தினராக வந்தால் அதை வாசிக்கக் கூடியதாக இருக்கட்டும். கோதுமை ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பரிமாறுகிறீர்களா, நல்லது. அதைச் சமைக்கத் தோட்டத்துப் பெண்களையே அமர்த்தி, உரிய சம்பளத்தைக் கொடுங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர 2021 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 1,350 ரூபாவாக 2024 வரை. அந்தத் தொகையை எளிதில் விஞ்சும் விலைக்கு ஒருவருக்கான மாலைத் தேநீர் விற்கப்படும் மேசையிலிருந்து பார்த்தால், சரிவில் குனிந்து நிற்பவள் அழகாகத்தான் தெரிவாள். அவளுடைய கணக்கு மேசைக்கு வருவதில்லை.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். தாம் எங்கிருந்து வந்தோம், எவ்வழியே வந்தோம் என்று அம்மக்கள் உரக்கச் சொல்லிவிட்டார்கள். இனி அறியவில்லை என்று விடுதி உரிமையாளர்கள் சொல்ல முடியாது.

உலகெங்கும் வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊவாவுக்குச் செல்லுங்கள், பங்களாவில் அமர்ந்து தேநீரும் அருந்துங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் எழுந்து செல்வதற்கு முன் முகாமையாளரை அழைத்து, சுவரிலிருக்கும் அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று தமிழில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்புவார். ஐம்பது பேர் கேட்டால் விசாரிக்கத் தொடங்குவார்.