திருப்புளியில் புளி இல்லை

ஸ்க்ரூ டிரைவருக்குத் தமிழில் 'திருப்புளி' என்று அருமையான ஒரு சொல் உண்டு. சொன்னால் பாதிப் பேர் ரசத்துக்குக் கரைக்கிற சாமான் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். புளிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திருப்பு + உளி = திருப்புளி. திருகாணியைத் திருப்புகிற உளி, அவ்வளவுதான். இருந்தாலும் பரமத்தி வேலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் போய் நின்று, "தம்பி, ஒரு திருப்புளி குடு" என்று கேட்டால், பையன் எதிரே உள்ள மளிகைக் கடையைத்தான் கை காட்டுவான். ஆகவே தமிழன்னை மன்னிக்க, இந்த வாரம் முழுக்க ஸ்க்ரூ டிரைவர் என்றே சொல்லிவிடுகிறேன்.

வேலூர் என்றதும் கோட்டையும் ஜெயிலும் இருக்கிற வேலூருக்குப் போய்விடாதீர்கள். இது காவிரிக்கரை வேலூர். நாமக்கல்லிலிருந்து கரூர் போகிற நெடுஞ்சாலையில், ஆற்றுப்பாலம் ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர். வாழைத்தார், தேங்காய், வெற்றிலை என்று மங்கள காரியத்துக்கு வேண்டிய சகலமும் இங்கிருந்து லாரி ஏறும். நூறு வெற்றிலை ஒரு கவுளி, நூற்று நான்கு கவுளி ஒரு சுமை என்று கணக்குச் சொல்கிற ஊர். அந்த நாலு கவுளி எதற்கு என்று கேட்டால் வியாபாரிகள் சிரிப்பார்கள். நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் என்பது தலைப்பிள்ளை மாதிரி. சதா தண்ணீர் கேட்கும். ராஜவாய்க்கால் பாய்கிற இடத்தில் கவலை இல்லை. வாய்க்கால் எட்டாத மேட்டுக் காட்டில் கிணறு வேண்டும், போர் வேண்டும். போர் இருந்தால் மோட்டார். மோட்டார் இருந்தால் ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டர் இருந்தால் அது முக்கியமான நேரத்தில் மக்கர் பண்ணும். மக்கர் பண்ணினால் மூடியைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

எந்த மோட்டார் ரூமுக்குள்ளும் போய்ப் பாருங்கள். சாமி படம் ஒன்று, அணைந்த ஊதுபத்திக் குச்சி நாலு, ஸ்டார்ட்டர் பெட்டியின் தலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதன் பிடி விண்டிருக்கும். கம்பி துருப்பிடித்திருக்கும். முனை மழுங்கியிருக்கும். அதைக் கொண்டு பெயிண்ட் டப்பா திறந்திருப்பார்கள், டிராக்டர் சேறு சுரண்டியிருப்பார்கள், அவசரத்துக்குத் தேங்காய் கூட உடைத்திருப்பார்கள். அதே ஆயுதத்தோடு, வாழைக்குத் தண்ணீர் கட்டிய ஈரக் காலோடு, மூணு பேஸ் லைனுக்கு எதிரே போய் நிற்பார்கள். சாமி படம் எதற்கு மாட்டியிருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

1990 முதல் தமிழ்நாட்டில் விவசாய பம்ப்செட்டுகளுக்குக் கரண்ட் இலவசம். ஷாக் அதற்கு முன்பிருந்தே இலவசம்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு பேஸுக்கும் பூமிக்கும் நடுவே 230 வோல்ட். நனைந்த உடம்பின் தடை சுமாராக 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஓடுவது 230 மில்லி ஆம்பியர். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கை விடாமல் இறுகிக்கொள்ளும். வீட்டில் மாட்டுகிற ஷாக் தடுப்பு பிரேக்கர் 30 மில்லி ஆம்பியருக்கே விழும்படி செய்திருப்பதன் காரணம் இதுதான். 230 என்பது ஏழரை மடங்கு. ஏழரை என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

சமீபத்தில் ஹார்டுவேர் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. வந்தவர் பாண்டமங்கலம் பக்கத்து விவசாயி. தோளில் துண்டு, சட்டைப் பையில் சுருட்டிய ரூபாய் நோட்டு.

"ஏனுங்ணா, ஸ்க்ரூ டிரைவர் செட்டு ஒண்ணு வேணுமுங்க. பையன் ஐ.டி.ஐ.யில எலெக்ட்ரீஷியன் முடிச்சிட்டானுங்க. திங்கக்கெழமை வேலைக்குப் போறான்."

"சந்தோசமுங்ணா. எப்படிப் பாக்கறீங்க?"

"சல்லிசா இருக்கோணும். கெட்டியாவும் இருக்கோணும்."

"அது ரெண்டும் ஒரே டப்பாவுல வராதுங்ணா" என்ற கடைக்காரர் இரண்டு செட்டை எடுத்துப் போட்டார். ஒன்று சாதாரணம். பிளாஸ்டிக் பிடி, பளபளவென்று நீளக் கம்பி. இன்னொன்றில் பிடியிலிருந்து கம்பி நுனிவரை சிவப்பாக உறை ஏறியிருந்தது. விலை பல மடங்கு.

"இதென்னங்க, கம்பிக்கெல்லாம் சட்டை போட்டு வெச்சிருக்குது? பிடிதான் பிளாஸ்டிக்கா இருக்குதே, அது பத்தாதுங்களா?"

"பிடியை மட்டும் பிடிச்சு வேலை செய்யற எலெக்ட்ரீஷியனை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

விவசாயி பேசவில்லை. ஒரு டிரைவரைக் கையில் எடுத்து, காற்றில் ஒரு ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தார். வலது கை பிடியில். இடது கை ஆள்காட்டி விரல் தானாகப் போய்க் கம்பியைத் தாங்கியது. கடைக்காரர் அந்த விரலைக் காட்டினார். அவ்வளவுதான், வேறு விளக்கம் சொல்லவில்லை.

"அப்ப இதை வெச்சுக்கிட்டா கரண்டுல தைரியமா கை வெக்கலாமுங்களா?"

"கை வெக்கறதுக்கு இல்லீங்ணா. தெரியாமப் பட்டுட்டா, சாயங்காலம் வீடு வந்து சேர்றதுக்கு."

சட்டைப் பையிலிருந்து நோட்டுச் சுருள் வெளியே வந்தது.

இன்சுலேட்டட் ஸ்க்ரூ டிரைவர் பற்றி நான் படித்த விளக்கங்களில் அந்த ஒரு வரிக்கு மேலானது இல்லை. இனி, வாங்குகிறவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவை.

முதலில் முத்திரை. அடுத்தடுத்து கோர்த்த மாதிரி இரட்டை முக்கோணம், பக்கத்தில் 1000 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஐ.இ.ஸி. 60900 என்கிற சர்வதேசத் தரத்தின் அடையாளம் இது. ஆயிரம் வோல்ட் ஏ.ஸி. வரைக்கும், 1500 வோல்ட் டி.ஸி. வரைக்கும் பயன்படுத்தத் தக்கது என்று பொருள். ஆயிரம் என்று எழுதியிருந்தாலும் சோதனை என்னவோ பத்தாயிரம் வோல்ட்டில். தண்ணீரில் முக்கி வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறார்கள். பத்து மடங்கில் பாஸ் பண்ணினால்தான் சர்ட்டிபிகேட்! நம் எஸ்.எஸ்.எல்.ஸி.க்கு இப்படி ஒரு விதி இருந்திருந்தால் பல பேர் இன்னும் பத்தாம் வகுப்பில் இருப்போம். தயாரிப்பாளர் பெயரும் தயாரித்த வருஷமும் கூட ஆயுதத்தின் மேலேயே இருக்க வேண்டும். அட்டையில் மட்டும் 'இன்சுலேட்டட்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, டிரைவரில் ஒன்றும் இல்லையென்றால் அது அட்டைக்குத்தான் இன்சுலேஷன்.

இரண்டாவது, உறை எதுவரை வருகிறது? பட்டை முனையில் வெளியே தெரிகிற இரும்பு 15 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்டார் முனைக்கு 18. பாக்கியெல்லாம் மூடியிருக்க வேண்டும். இது விரலுக்கு மட்டுமல்ல. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மூன்று பேஸும் பங்காளிகள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வெறுங்கம்பி ஒரு பேஸையும் அடுத்ததையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால், நடுவே 400 வோல்ட். தீபாவளி முகத்துக்கு நேரே வெடிக்கும்.

மூன்றாவது, உறையின் நிறம். நல்ல கம்பெனிகள் பலவற்றில் உறை இரண்டு அடுக்கு. வெளியே சிவப்பு, உள்ளே மஞ்சள். அழகுக்கு அல்ல. சிவப்பு கீறி மஞ்சள் எட்டிப் பார்த்தால், "என் சர்வீஸ் முடிந்தது, ரிட்டயர் ஆகிறேன்" என்று அர்த்தம். பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி எக்ஸ்டென்ஷன் கொடுக்கக் கூடாது.

இங்கே நம் ஊர் விஞ்ஞானிகளுக்கு ஒரு வார்த்தை. சாதா டிரைவர் கம்பியில் பழைய சைக்கிள் டியூபை மாட்டிவிட்டு, "நம்மளுது ஹோம் மேடு இன்சுலேஷனுங்க" என்கிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு ரப்பரில் கரித்தூள் கலப்பார்கள். கலந்த அளவைப் பொறுத்து அது கரண்டைக் கசியவும் விடும். ரப்பர் என்றால் ஷாக் அடிக்காது என்று டியூபுக்கு நாம் சொல்லலாம். டியூபுக்குத் தெரிய வேண்டுமே!

நான்காவது, முனை ஸ்க்ரூவுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாத முனை வழுக்கும். வழுக்குகிற டிரைவர் எங்கே போய்க் குத்தும் என்பது அந்த மோட்டார் ரூம் சாமிக்கே தெரியாது. சின்ன டெர்மினலுக்கு 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் பட்டை, நடுத்தரமாக 4, கொஞ்சம் பெரிதாக 5.5, ஸ்டாரில் ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும். இந்த ஐந்து போதும், நூற்றுக்குத் தொண்ணூறு வேலை முடியும். நாற்பத்தோரு உருப்படி என்று பெட்டி நிறைய வருகிற பிட் செட்டுகளில் பெரும்பாலானவை இன்சுலேஷன் இல்லாதவை. கொலு வைக்க ஆகும்.

ஸ்டார் என்று நாம் சொல்வதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, 1930-களில் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் பெயரில் வந்த பிலிப்ஸ். இன்னொன்று, கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகளும் உள்ள போஸிடிரைவ். எம்.ஸி.பி.களின் ஸ்க்ரூக்கள் பலவும் இரண்டாவது ஜாதி. அதில் முதல் ஜாதியைப் போட்டுத் திருகினால் நாலு தடவையில் ஸ்க்ரூவின் மண்டை வட்டக் குழியாகிவிடும்.

ஐந்தாவது, கம்பியின் தடிமன். உறை ஏறினதால் சில டிரைவர்கள் எம்.ஸி.பி.யின் ஓட்டைக்குள் நுழையாது. உடனே கத்தியை எடுத்து உறையைச் சீவாதீர்கள். உறையும் முனையும் ஒரே கனத்தில் அமைந்த மெல்லிய ரகம் தனியாக உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது டெஸ்டர். சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிகிறோமே, அது. உள்ளே ஒரு நியான் விளக்கு, லட்சக்கணக்கான ஓம் தடை ஒன்று. அந்த விளக்கு எரிவதே நம் உடம்பு வழியாகத் துளியூண்டு கரண்ட் ஓடுவதால்தான். இதை நினைத்துப் பார்த்தால் பலர் டெஸ்டரைத் தொடவே மாட்டார்கள்! கனமான ரப்பர் செருப்பும் காய்ந்த பலகையும் காலுக்குக் கீழே இருந்தால் விளக்கு மங்கும். நட்டநடு வெயிலில் எரிந்தாலும் தெரியாது. ஆகவே டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமே இல்லை. முதலில் எரிகிற லைனில் வைத்துப் பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில், மறுபடி எரிகிற லைனில். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். தண்ணீரில் விழுந்த டெஸ்டரைக் காயவைத்துப் பயன்படுத்துவது, அதைக் கொண்டே ஸ்க்ரூ முடுக்குவது, இரண்டும் வேண்டாம்.

கடைசியாக, எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாத இரண்டு சங்கதிகள்.

ஒன்று கன்டென்சர். மூணாவது பேஸ் இல்லாத நேரத்தில் இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்ட, கன்டென்சர் போட்டு வைப்பது காடு கழனியில் சகஜம். மோட்டார் ஓடும்போது அந்த 'இல்லாத' மூன்றாவது முனையிலும் சுருள் வழியாகக் கரண்ட் வந்து நிற்கும். மெயினை நிறுத்தின பிறகும் கன்டென்சர் கொஞ்ச நேரம் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும், கடன் கொடுத்தவன் பகையை வைத்திருக்கிற மாதிரி.

இரண்டு, ஆட்டோ ஸ்டார்ட்டரும் மொபைல் ஸ்டார்ட்டரும். கரண்ட் வந்ததும் தானாக மோட்டார் எடுக்கும். இல்லாவிட்டால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் தட்டினால் எடுக்கும். மாப்பிள்ளை காட்டில் ஸ்டார்ட்டரைத் திறந்து வைத்திருப்பது மாமனாருக்கு எப்படித் தெரியும்? அவர் போனில் பச்சைப் பட்டனைத்தான் பார்க்கிறார்.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. அனுபவஸ்தர்கள் மெயினை இறக்குவார்கள். மூன்று பீஸ் கட்டையையும் பிடுங்குவார்கள். பிடுங்கியதை அங்கேயே வைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, வேலை முடிகிறவரை வெளியே எடுக்க மாட்டார்கள். யார் போனில் தட்டினாலும், எந்த சப்ஸ்டேஷனில் யார் தும்மினாலும் அந்த மோட்டார் எடுக்காது. அதற்கப்புறம்தான் சிவப்பு உறை போட்ட டிரைவருக்கு வேலை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். மோட்டார் ரூமில் மட்டும் இது தலைகீழ். மடியில் பீஸ் கட்டை கனமாக இருக்கிறவரை பயமே இல்லை.