தியாகம்: தன்வினையும் பிறவினையும்

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு கூட்டம். வழக்கம்போல் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் எழுதுகிறவர்கள். ஒரு காலத்தில் நல்ல கவிதைகள் சில எழுதிய நண்பர் ஒருவர், தாம் ஏன் பத்து வருஷமாக எழுதவில்லை என்பதற்கு அங்கே விளக்கம் சொன்னார். சொந்தத் தொழில். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு பத்தாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் பாதி போய்விடும். இன்னும் ஐந்து வருஷம் இப்படி ஓடினால் போதுமான சொத்து சேர்ந்துவிடும்; பிறகு யாரிடமும் கைகட்டி நிற்காமல் சுதந்திரமாக எழுதலாம். இந்தத் தியாகத்துக்குத் துணியாதவன் கடைசிவரை அரைகுறை எழுத்தாளனாகவும் அரைகுறைச் சம்பாத்தியக்காரனாகவும்தான் இருப்பான் என்று முடித்தார். யாரும் மறுக்கவில்லை. டீ வந்துவிட்டது. ஒன்றிரண்டு பேர் தலையசைத்ததில் அனுதாபத்தைவிடப் பொறாமையே அதிகம் என்று எனக்குப் பட்டது. அன்று நானும் வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் இது.

நண்பர் சம்பாதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வறுமை படைப்புக்கு உரம் என்கிற பழைய உளறலில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. என் ஆட்சேபமெல்லாம் ‘தியாகம்’ என்ற வார்த்தையைப் பற்றியது. ஒரு உவமை பிசகினால் நாலு பக்கம் விமர்சனம் எழுதுகிற நம் வட்டத்தில், இந்த வார்த்தையை மட்டும் எப்படிப் பரிசோதனை இல்லாமல் உள்ளே விட்டோம்?

ராப்பகலாக உழைத்துச் சொத்து சேர்ப்பது தகுமா என்று கேட்கும்போது நாம் போடுகிற கணக்கு எப்போதும் ஒன்றுதான். ஒரு பக்கம் வீடு, மனை, வங்கியிருப்பு. மறுபக்கம் தூக்கம், உடம்பு, பார்க்காமல் போன பிள்ளைகளின் வளர்ச்சி. தகும் என்பவரும் தகாது என்பவரும் இதே பேரேட்டைத்தான் புரட்டுகிறார்கள். இழப்பு முழுவதும் உழைக்கிறவன் பேரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூட இலக்கணம் இந்த இடத்தில் நமக்கு உதவும். எழுவாய் தானே செய்வது தன்வினை; பிறரைக் கொண்டு செய்விப்பது பிறவினை. ‘இழந்தேன்’ என்று நண்பர் சொன்னார். ‘இழக்கச் செய்தேன்’ என்பதுதான் நடந்த விஷயம்.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோவின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி வரை போனார். தம் ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார்.

கூட்டிப் பார்ப்போம். ஆறு நாள் வாரத்தில் 70 மணி என்றால் நாளைக்கு 11 மணி 40 நிமிஷம். ஏழு நாளும் உழைத்தால்கூட 90 மணி என்பது நாளைக்குக் கிட்டத்தட்ட 13 மணி. போய்வர இரண்டு மணி, தூங்க ஏழு மணி போக மிஞ்சுவது இரண்டு மணி. இந்த இரண்டு மணிக்குள் ஒருவன் குளித்து, சமைத்து, துணி துவைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வயதான தகப்பனாரை டாக்டரிடம் கூட்டிப்போக முடியாது. ஆனாலும் அவன் வெளுத்த சட்டையோடுதான் வேலைக்கு வருகிறான்; பிள்ளை பள்ளிக்குப் போகிறது; தகப்பனாருக்கு மாத்திரை வேளைக்குக் கிடைக்கிறது. எப்படி? பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய பொருளாக சுப்ரமணியன் சொன்ன அந்த மனைவி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதில் இருக்கிறது பதில். இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளைக்கு 299 நிமிஷம். ஆண்கள் 97 நிமிஷம். 90 மணிக்காரனின் வீட்டில் அந்த 97 நிமிஷமும் இருக்க முடியாது.

இது வீட்டோடு நிற்பதல்ல. ஒருவர் சொத்து சேர்க்கும் அளவுக்குத் தொழில் நடத்துகிறார் என்றால், அவர் நேரம் மட்டும் அதில் ஓடுவதில்லை. கடையை இரவு பத்துக்குப் பூட்டும் முதலாளிக்குப் பின்னால், ஷட்டரை இழுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற பையன் ஒருவன் உண்டு. முதலாளியின் பதினான்கு மணி சொத்தாகிறது. பையனின் பதினான்கு மணி மாதச் சம்பளத்தோடு தீர்ந்துபோகிறது. இருவரும் ஒரே நேரத்தைத்தான் செலவழித்தார்கள். தியாகி என்ற பெயர் முதலாளிக்கு மட்டும் கிடைக்கிறது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி வேலைக்கு வழி திறந்த மசோதா. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, விருப்பப்பட்டவர்களுக்குத்தான் என்று சமாதானம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ‘விருப்பம்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அதுவும் தன்வினை வேஷம் போட்ட பிறவினைதான். ஷட்டர் இழுக்கிற பையனைக் கேட்டால் அவனும் விருப்பப்பட்டுத்தான் இருக்கிறேன் என்பான். வேறென்ன சொல்லமுடியும் அவனால்?

பிழைப்புக்கு உழைப்பதையும் சொத்துக்கு உழைப்பதையும் நண்பர் ஒன்றாகக் குழப்பினார். இரண்டுக்கும் இடையே இருக்கும் கோட்டைத் துல்லியமாகப் பார்த்தவர் காஃப்கா. 1907இல் அவர் சேர்ந்தது ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனி. வேலை நேரம் நீளமாக இருந்தது. ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1908இல் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே மதியம் இரண்டு மணியோடு வேலை முடிந்தது. அதில் பதினான்கு வருஷம் இருந்தார். நன்றாகவே வேலை செய்தார். பிழைப்பை அவர் மறுக்கவில்லை. ஆனால் குடும்பம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஆலை தொடங்கி, மாலை வேளைகளில் அதையும் கவனித்துக்கொள் என்று நெருக்கியபோது, 1912 அக்டோபரில் தற்கொலை எண்ணம் பற்றி நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போய்விட்டார். இரண்டு மணி வரை பிழைப்பு. அதற்கு மேல் கேட்கப்பட்டது சொத்துக்கான நேரம். அதே வருஷத்து நாட்குறிப்பில், அந்த ஆலையில் உடம்பெல்லாம் தூசியோடு நின்ற வேலைக்காரப் பெண்களைப் பற்றியும், அவர்களை யாரும் மனுஷியாக மதிப்பதில்லை என்பதைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆலை யாருடைய நேரத்தில் ஓடுகிறது என்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. நம் நண்பரின் கண்ணில் இன்னும் படவில்லை. அதுதான் வித்தியாசம். மேதைமையில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லவில்லை. பார்வையில் உள்ளதைச் சொல்கிறேன்.

இங்கேயே முடித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வியாபாரி கெட்டவன், கலைஞன் புனிதன் என்று இன்னொரு முறை நிரூபித்த திருப்தியோடு நாம் கலையலாம். ஆனால் காஃப்காவும் வீட்டுப் பெண்கள் நடத்திய குடும்பத்தில் இருந்துகொண்டுதான் இரவில் எழுதினார். நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சிறு பத்திரிகைக்காரனும் தியாகி என்றே அழைக்கப்படுகிறான். நஷ்டத்துக்குப் பத்திரிகை நடத்தினான், கையில் இருந்ததை அச்சகத்துக்குக் கொடுத்தான் என்று எழுதுகிறோம். அடகுக்குப் போன நகை யாருடையது? பிழை திருத்த நாலு நண்பர்கள் வந்து உட்கார்ந்தபோது, நள்ளிரவு வரை அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது யார்? நம் இலக்கிய வரலாறுகளில் இதற்கு ஒரு அடிக்குறிப்புகூடக் கிடையாது. புதுமைப்பித்தன் 1948இல் தமது 42ஆம் வயதில் காசநோயால் இறந்ததைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அவர் சென்னையிலும் மனைவி கமலா திருவனந்தபுரத்திலுமாகப் பிரிந்திருந்த காலத்துக் கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாகவும் வந்திருக்கின்றன. அதில் அவருடைய சிரமத்தைத் தேடித்தான் படிக்கிறோம். கடிதம் யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ அந்தக் கமலா விருத்தாசலம் தாமே கதைகள் எழுதியவர். ‘காசுமாலை’ என்று அவருக்கு ஒரு தொகுதி உண்டு. அன்றைய கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்? எழுதாமல் போன கதைகள் அவரிடத்திலும் இருந்திருக்கும். அவற்றை யாரும் தியாகம் என்று அழைத்ததில்லை.

ஆகவே சொத்துக்காக எரிகிற நேரமும் இலக்கியத்துக்காக எரிகிற நேரமும் ஒன்றுதான் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு கவிதைக்காக யாரும் ஆலையில் தூசி தின்ன வேண்டியதில்லை. ஆனால் இரண்டிலும் ஒரே மோசடிக்கு இடம் இருக்கிறது. அதை நம் வீட்டில் அனுமதித்துக்கொண்டு, முதலாளி வீட்டில் கண்டிக்க நமக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கட்டுரையை மூன்று இரவுகள் எழுதினேன். மூன்று இரவும் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது இரவில்தான் எழுந்து போனேன்.

எட்டு மணி நேர வேலை என்பதைத் தொழிற்சங்கக் கோஷம் என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை அது ஒரு இலக்கியக் கொள்கை. எழுத்துக்கு வேண்டிய நேரத்தை வேலையிலிருந்துதான் மீட்க வேண்டும். வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டிலிருந்து அந்த நேரத்தைத் திருடினால், திருட்டுக் கொடுப்பது எப்போதும் ஒரே ஆள்தான்.

ஐந்து வருஷம் கழித்து எழுதப்போவதாக நண்பர் சொன்னார். அதே கூட்டத்தில் ஒரு இளைஞர் எட்டு வரிக் கவிதை ஒன்று படித்தார். எட்டு வரி முடிவதற்குள் நண்பர் மூன்று முறை செல்போனை எடுத்துப் பார்த்தார். எட்டு வரிக்குக் காது கொடுக்க முடியாத மனசு, சொத்து சேர்ந்த மறுநாள் தானாகத் திரும்பிவிடும் என்று அவர் நம்புகிறார். அவருக்காக நானும் அப்படி நம்பத் தயார். ஆனால் அடுத்த கூட்டத்தில் ‘தியாகம்’ என்று அவர் ஆரம்பித்தால், டீ வருவதற்குள் நம்மில் ஒருவராவது வாக்கியத்தின் எழுவாய் யார் என்று கேட்டுவிட வேண்டும்.