கொழுக்கட்டை அல்ல

மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் பாவங்களில் சில சமையலறை சம்பந்தப்பட்டவை. சில வருஷங்களுக்கு முன் ஸ்லோவாக்கியா பற்றிய பயணக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கினேன். அந்நாட்டின் தேசிய உணவாகவே கருதப்படும் 'ப்ரிந்ட்ஸோவே ஹலுஷ்கி'யை 'உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். "உள்ளே என்ன பூரணம் வைப்பார்கள்?" என்று ஒரு வாசகியின் கடிதம் வந்தது. தூக்கம் போயிற்று.

பூரணம் கிடையாது. ஆவியில் வேகவைப்பதும் கிடையாது. பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, கோதுமை மாவும் உப்பும் சேர்த்துக் குழைக்கிறார்கள். சிலர் முட்டையும் சேர்ப்பதுண்டு. அதை ஓட்டைகள் உள்ள தட்டில் தேய்த்தால் துணுக்குத் துணுக்காகக் கொதிநீரில் விழும். வெந்ததும் மிதந்து வரும். அள்ளியெடுத்து 'ப்ரிந்ட்ஸா' என்ற பாலாடைக் கட்டியைப் போட்டுப் பிசறி, புகையூட்டிய பன்றிக் கொழுப்பை வறுத்து மேலே தூவினால் சாப்பாடு தயார்.

போன ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரி வீட்டில் பிராயச்சித்தத்தில் இறங்கினேன். ஓட்டைத் தட்டுக்குப் பதில் பூந்திக் கரண்டி. பிரமாதமாக வேலை செய்தது. பன்றிக் கொழுப்புக்குப் பதில் வறுத்த வெங்காயம். மாட்டிக்கொண்டது பாலாடைக் கட்டியில். ஐரோப்பிய யூனியன் 2008-ல் புவிசார் பாதுகாப்பு அளித்த ஸ்லோவாக்கிய ப்ரிந்ட்ஸாவில் பாதிக்கு மேல் செம்மறியாட்டுப் பாலில் செய்ததாக இருக்க வேண்டும்.

செம்மறியாட்டுக்கா இங்கே பஞ்சம்? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே முதலிடம் தெலங்கானாவுக்குத்தான், சுமார் 1.9 கோடி ஆடுகள். ஆனால் இங்குள்ள கொல்லா, குருமா சமூகத்தினர் தக்காண ஆடுகளை வளர்ப்பது இறைச்சிக்கும் கம்பளிக்கும். பால் குட்டிக்கு. கார்பாத்திய மலை இடையர்களோ கறந்து, கட்டியாக்கி வைத்துக்கொண்டார்கள். 18-ம் நூற்றாண்டில் அங்கே உருளைக்கிழங்கு பரவியது. தானியம் சரியாக விளையாத குளிர்ப் பிரதேசத்தில், இருக்கும் கொஞ்சம் மாவைப் பெருக்கிக் காட்டியது அந்தக் கிழங்குதான்.

கடைசியில் பனீரை உதிர்த்து, புளித்த தயிரும் உப்பும் கலந்து ஒப்பேற்றினேன். ருசி பார்க்க வந்தவர் அடுத்த தெரு சுபேதார். ஓய்வு பெற்றவர், கிருஷ்ணகிரிக்காரர். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"இதைப் போயா கொழுக்கட்டைன்னு எழுதினீங்க? கொழுக்கட்டை சாமிக்குப் படைக்கிறது சார். இது ஆடு மேய்ச்சுட்டுக் குளிர்ல வீடு திரும்பறவன் சாப்பாடு. கிழங்கு வயித்துக்கு, பால் தெம்புக்கு."

முதுகலைத் தமிழ் படித்த எனக்கு இது தோன்றவில்லை. வடிவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தேனே தவிர, யாருடைய பசிக்காகச் செய்தது என்று யோசிக்கவில்லை. 'கொழுக்கட்டை' என்றதும் அந்த இடையன் மறைந்து பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இனி 'ஹலுஷ்கி' என்றே எழுதுவதாக உத்தேசம். பூந்திக் கரண்டியைப் பற்றி ஒரு வரி, ஆட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் தமிழ் வாசகருக்குப் புரிந்துவிடும். அந்த வாசகிக்குத்தான் இன்னும் பதில் போடவில்லை. இதையே பதிலாக ஏற்றுக்கொள்வாராக.